படுக்கையாகும் பழைய இழுப்பறை: அழகுக்கு முன் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மரச்சாமான்களை நாய், பூனைகளுக்கான படுக்கைகளாக மாற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். உடைந்த அலமாரியின் இழுப்பறை குப்பைக்குப் போகாமல் வீட்டிலேயே இன்னொரு பயன் பெறுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் வண்ணத்துக்கும் துணிக்கும் தந்த இடத்தில் பாதியையாவது, அந்த மரத்தின் மேல் ஏற்கெனவே என்ன பூசப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்குக் கட்டுரை ஒதுக்கியிருக்கலாம்.

குட்டி நாய் படுக்கையின் விளிம்பைக் கடிக்கும். பூனையோ உடலில் ஒட்டிய தூசியையெல்லாம் நக்கியே துடைக்கும். பல பத்தாண்டுகளுக்கு முன் பூசிய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவிலேயே வீட்டு உபயோகத்துக்கான ஈயப் பெயிண்டுக்கு 1978-இல்தான் தடை வந்தது. அத்தகைய பெயிண்டை உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் கிளம்பும் தூசி, விலங்குக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கேடு. எனவே வயது தெரியாத, பெயிண்ட் பொருக்குவிட்ட சாமானை இந்த வேலைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது என்பேன். பூச்சிமருந்து அடித்த மரமும் அப்படித்தான். அம்மருந்துகள் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரினை உடலில் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனைகளுக்கு மிகக் குறைவு என்பதால், நாய் தாங்கும் அளவே பூனையின் உயிருக்கு ஆபத்தாகலாம். பாச்சை உருண்டை வாசம் ஏறிய இழுப்பறையையும், அந்த வாசம் அறவே போகாதவரை பயன்படுத்தக் கூடாது.

மெத்தையை மரத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் முள்ளால் அடித்துவிடலாம் என்ற அக்கட்டுரையின் யோசனையில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் விலங்கின் ரோமத்தில் ஒட்டி நிற்காமல் அது படுக்கும் இடத்தில் உதிர்ந்து, அங்கேயே புழுவாகிக் கூடு கட்டுகின்றன. கழற்றி வெந்நீரில் துவைக்க முடியாத மெத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பூச்சிப் பண்ணையாகவே முடியும். பெயர்ந்து வரும் முள்ளும், ஓரத்தில் தொங்கவிட்ட குஞ்சமும் வயிற்றுக்குள் போகக்கூடியவை. குறிப்பாகப் பூனை விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும், அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். (குஞ்சம் மனிதர் கண்ணுக்கு மட்டுமே அழகு என்பது வேறு விஷயம்.)

அளவைப் பொறுத்தவரை, விலங்கு கைகால் நீட்டிப் படுத்திருக்கும்போது அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். மூட்டுவலியுள்ள கிழட்டு நாய்க்கு முன்பக்கப் பலகையைத் தாழ அறுத்துவிட்டு, தரை தட்டாத அளவுக்குக் கெட்டியான ஃபோம் போடுவது அவசியம். பூனைக்கு வேண்டியது வேறு. நெதர்லாந்தின் காப்பகமொன்றில் புதிதாக வந்த பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. ஆகவே திறந்த இழுப்பறையைவிட, கதவு கழற்றிய சிறு அலமாரியைப் பூனை விரும்பக்கூடும்.

வார இணைப்பில் அடுத்து இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் தச்சர் ஒருவரிடமும் கருத்துக் கேட்டுச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்