பாசித் தோழிகள் தொடர்: ஞாயிறு முதல் வாசிப்பு

அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். கடல்ல மூழ்கி மரிக்கொழுந்துங்கிற கடற்பாசி எடுக்குற நாலு கூட்டாளிப் பொண்ணுங்களப் பத்தின நம்ம சிரிப்புத் தொடர் தயாராகுது. வர்ற ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துல எங்க வீட்டு முத்தத்துல முதல் வாசிப்பு.

1. விரல்ல சுத்துற துணி, கண்ணாடி, சாக்கு கொண்டு வாங்க. துணிய பல்லால கடிச்சு இறுக்கி முடிச்சுப் போடுறதுதான் முதல் காட்சி. நாமளே நடிச்சாத்தான் அது சரியா வரும்.
2. வள்ளத்துல சிரிச்ச கதை ஆளுக்கு ஒண்ணு. நிறம், உடம்பு சொல்லிக் கேலி வேண்டாம்.
3. தீவுகளோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருத 2015-ல வாங்குன, பாசி எடுக்குற லட்சுமி நம்ம ஊரு. அவங்களப் பத்தி ஒரு பகுதி கண்டிப்பா வேணும்.
4. வெள்ளிக்குள்ள பதில் போடுங்க. எழுத வராதவங்க குரல்ல அனுப்புங்க.