ஹோர்ட்டன் சமவெளிப் பயணம்: ஞாயிறு இரவுக்குள் பெயர் தரவும்

எல்லோருக்கும் வணக்கம். நம் தொடர்மாடிக் குடியிருப்பாளர்களின் ஹோர்ட்டன் சமவெளிப் பயணம் பெப்ரவரி 6, வெள்ளி இரவு. பஸ் சரியாக 10 மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து கிளம்பும். இரவுப் பயணம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அங்கே நாம் பார்க்கப் போவது ‘உலக முடிவு’ (World's End) என்ற மலை விளிம்பு, ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். போன முறை பிந்திப் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம், மறந்திருக்க மாட்டீர்கள்! ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டும்.

1. சுற்றுப் பாதை சுமார் 9 கிலோமீற்றர். பேக்கர் நீர்வீழ்ச்சியும் அதில்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் பெயர் தரவும்.
2. 2,100 மீற்றர் உயரம், விடியற்காலையில் விறைக்கும். சுவெட்டர், தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து கட்டாயம்.
3. பொலித்தீனுக்குத் தடை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர்ப் போத்தல் லேபலைக்கூடக் கிழித்தெடுப்பார்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டு வாருங்கள்.
4. மரைமானுக்கு பிஸ்கட் நீட்ட வேண்டாம். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.
5. பள்ளத்தின் விளிம்பில் செல்பி வேண்டாம். சிறுவர்களின் கை பெற்றோர் கையில்.
6. அடையாள அட்டை அவசியம். வெளிநாட்டு உறவினர் வந்தால் முன்கூட்டியே சொல்லவும், அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் அதிகம்.

பஸ் கட்டணம் ஆட்கணக்கைப் பார்த்துத்தான். ஞாயிறு இரவு 8 மணிக்குள் பெயர், எத்தனை பேர், மரக்கறியா அசைவமா என்று இங்கேயே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் எடுக்க மாட்டேன்.