கட்டியில் செய்யும் சோதனையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருங்குடல், கல்லீரல் புற்றுநோய்கள் எப்படிப் போகும் என்பதை ரத்தத்தில் உள்ள புரதங்களே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள விஷயம்தான், ஆனால் அதைப் படித்துவிட்டு யாராவது நேராக லேபுக்குப் போய் சிஇஏ (பெருங்குடல் புற்றில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) எடுத்துப் பார்த்துப் பயந்துவிடுவார்களோ, அல்லது எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்பு 38 இருந்த சிஇஏ, ஆறு வாரத்தில் 3-க்கு இறங்கியது. அப்புறம் கீமோவின் நடுவில் திடீரென்று 7 என்று வந்தது, அன்று வீட்டில் யாரும் தூங்கவில்லை. மருத்துவர் பதறவே இல்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றும் காலத்தில் இப்படிக் கொஞ்சம் உயர்வது உண்டு, ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். அடுத்த முறை இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். சிஇஏவை ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965-லேயே கண்டறிந்துவிட்டார்கள். புகைப்பவர்களுக்கும், கல்லீரல் கோளாறோ குடல் அழற்சியோ உள்ளவர்களுக்கும் புற்று இல்லாமலே இது கூடும், கட்டி இருந்தும் கூடாதவர்களும் உண்டு. அதனால்தான் நோய் இருக்கிறதா என்று பார்க்க இதை நம்புவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனிப்பதில்தான் இதன் பலன். குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது, நோய் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும், சீக்கிரம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கிறது. 2014-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் சிஇஏ அல்லது சிடி ஸ்கேன் மூலம் கண்காணித்தவர்களில் இப்படி ஆபரேஷன் செய்ய முடிந்தவர்கள் அதிகம். ஆனால் ஆயுள் கூடியது என்று அது உறுதியாகக் காட்டவில்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுக்குப் பார்ப்பது ஏஎஃப்பி என்ற இன்னொரு ரத்தப் புரதம். அங்கேயும் கட்டி இருந்தும் பலருக்கு எண் சாதாரணமாகவே இருக்கும். மில்லிலிட்டருக்கு 400 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் வேகமாக முற்றும் என்பார்கள், ராமுசிருமாப் என்ற மருந்தையும் அந்த அளவு உள்ளவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். நோய் எப்படிப் போகும் என்பது ஒரு கேள்வி, எந்த மருந்து கேட்கும் என்பது வேறு கேள்வி. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

என் பெரிய ஆதங்கம் இதுதான்: ரத்தத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, வெட்டி எடுத்த கட்டியில் பார்க்கும் புரதங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கும் டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை. பெருங்குடல் கட்டியில் இவற்றில் ஒன்று காணாமல் போயிருந்தால் சிகிச்சையே மாறும். இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) நோய் என்றால் திரும்ப வரும் ஆபத்து குறைவு, ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதில் லாபமும் இல்லை. பரவிய நோய் என்றால் கீமோவைவிட பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு சிகிச்சை (இம்யூனோதெரபி) மருந்து நன்றாகக் கேட்கிறது என்று 2020-ல் ஆய்வு வந்தது. அது மட்டுமில்லை, லிஞ்ச் சின்ட்ரோம் என்ற, புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு இருந்தால் அதற்கான முதல் தடயமும் பல நேரம் இங்கேதான் கிடைக்கும், அப்படியானால் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து, லேபில் மெழுகில் பதித்து வைத்திருந்த அம்மாவின் கட்டித் துண்டை எடுத்துச் சோதிக்கச் சொன்னோம். நான்கு புரதங்களும் இருந்தன. முடிவு வரும்வரை நானும் தங்கையும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த இதழிலாவது இந்தச் சோதனையைப் பற்றி விளக்கமாக எழுதுங்கள். பயாப்சி ரிப்போர்ட் கையில் வந்த அன்றே, கீமோ தொடங்கும் முன்பே, இதைச் செய்தாயிற்றா என்று வீட்டார் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி