ரவிக்கு, மலை ரிப்பீட்டர் பற்றி

அன்புள்ள ரவி,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் படுத்துகிறது. நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தவிர எதுவும் அனுப்புவதில்லை. இது கட்டை விரலில் அடங்குகிற சங்கதி இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஹாம் ரேடியோ மலை ரிப்பீட்டரை, தூரத்துக் குரலை வாங்கித் திரும்ப ஒலிபரப்புகிற அந்தச் செட்டை, டவரிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார்கள். பதறாதே, இறக்கவில்லை. ஆனால் அந்த வாசல் வரைக்கும் போய் வந்தோம்.

கோடையில் ஒரு தோட்டத்துக்காரரின் வயர்லெஸ் அதே டவரில் ஏறியது, 146.300 மெகாஹெர்ட்ஸில். அன்றிலிருந்து தொல்லைதான். காலையில் எல்லோரும் ரேடியோவில் கூடிப் பேசுகிற நெட் நடுவில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே ரிப்பீட்டர் உறுமும். உறுமலுக்குள் "லோடு ஏத்தியாச்சா" என்று ஒரு குரல். நம் ஆள் பட்டனை விட்ட பிறகும் ரிப்பீட்டர் அடங்காது. அவர்கள் பேச்சு முடிந்தால்தான் அடங்கும். வேடிக்கை என்னவென்றால், ரிப்பீட்டர் சும்மா இருக்கும்போது அவர்கள் எவ்வளவு பேசினாலும் ஒரு சத்தமும் வராது. இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்பினார்கள். பெரியவர் உன்னிடம் கத்துவாரே, அதே தொண்டையில் தோட்டத்துக்காரரிடம் போய், உங்கள் செட் சரியில்லை என்று கத்திவிட்டு வந்தார். டவர்க்காரர் கடுப்பாகிவிட்டார். அவர்கள் வாடகை தருகிறார்கள், நீங்கள் தருவதில்லை, அப்படியானால் நீங்கள் இறக்குங்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, கணக்கைப் பார். இரண்டு சிக்னல் எங்கேயாவது கலந்தால், பெருக்கியும் கழித்தும் வருகிற புது ஃபிரீக்வென்ஸிகள் பிறக்கும். நம் ரிப்பீட்டர் ஒலிபரப்புகிற அவுட்புட் 145.700, அது கேட்கிற இன்புட் 145.100. நம் அவுட்புட்டை இரண்டால் பெருக்கு: 291.400. அதிலிருந்து அவர்களுடைய 146.300-ஐக் கழி. வருவது 145.100! நம் இன்புட்டேதான், ஒரு கிலோஹெர்ட்ஸ் கூடக் குறையவில்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் 600 கிலோஹெர்ட்ஸ், நம் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவிலும் 600. அதனால்தான் இரண்டு டிரான்ஸ்மிட்டரும் ஒன்றாக ஓடினால் மட்டும் இந்தப் பூதம் பிறக்கிறது. பிறந்ததும் ரிப்பீட்டர் தன் குரலையே தான் கேட்டுத் திரும்ப ஒலிபரப்புகிறது. அவர்கள் செட்டிலும் பிழை இல்லை, நம் செட்டிலும் பிழை இல்லை. ராத்திரி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, யாரை எழுப்பிச் சொல்வது என்று தவித்தேன். நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

குறிப்பிட்ட ஒரு ஒலி கூடவே வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும்படி டோன் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது காதைப் பொத்திக்கொள்கிற வேலை. உறுமல் நம் காதில் விழாதே தவிர, இன்புட்டில் அது உட்கார்ந்தபடியேதான் இருக்கும். அடிவாரத்திலிருந்து கையடக்க ஹேண்டியில் கூப்பிடுகிறவன் அதன் அடியில் அமுங்கிப் போவான்.

இரண்டும் எங்கே கலக்கின்றன என்பதுதான் கேள்வி. முதலில் நம் ரிசீவர். அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கிற டூப்ளெக்ஸருக்கும் ரிசீவருக்கும் நடுவில், சிக்னலை 6 டிபி (டெசிபெல்) குறைக்கிற அட்டென்யுவேட்டர் வைத்தேன். ரிசீவருக்குள்ளேயே கலந்திருந்தால் தொல்லை 18 டிபி இறங்கியிருக்க வேண்டும், மூன்றாம் படிக் கலப்பு ஒன்றுக்கு மூன்றாக இறங்கும் இல்லையா. இறங்கியது 6 மட்டும். ஆக, வெளியிலிருந்துதான் வருகிறது. நம் டிரான்ஸ்மிட்டருக்குள் பிறந்தாலும் டூப்ளெக்ஸர் 145.100-ஐ வெட்டிவிடும். இருந்தாலும் வெளிச் சிக்னல் நம் டிரான்ஸ்மிட்டருக்குள் ஏறாதபடி தடுக்கிற ஒரு ஐசொலேட்டரைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், மாற்றம் இல்லை. தோட்டத்து டெக்னீஷியன் சின்னப் பையன், தங்கமான பையன். பெரியவர் கத்தியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல், நம் சிக்னல் தங்கள் செட்டுக்குள் ஏறாதபடி கேவிட்டி ஃபில்டர் போட்டுக் காட்டினான். அப்போதும் உறுமல் அப்படியே இருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. உறுமல் அப்படியே நின்றுபோனது. மறுநாள் வெயில் வந்து டவர் காய்ந்ததும் திரும்ப ஆரம்பித்தது. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது, உனக்கும் இப்போது பிடிபட்டிருக்கும். துரு! துருப்பிடித்த இணைப்பு டயோடு மாதிரி வேலை செய்து சிக்னல்களைக் கலந்துவிடும், நனைந்தால் அந்தக் குணம் மாறிவிடும்.

டவர் அண்ணன் மூங்கில் கழியோடு ஏறினார். இரண்டு செட்டையும் பவர் குறைத்து ஓடவிட்டு, ஓடுகிற ஆன்டெனாக்களின் பக்கம் போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினோம். எதைத் தட்டினால் சத்தம் மாறுகிறது என்று கேட்க நான் கீழே ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தேன். கேபிள் ஏணியைத் தட்டினார், ஒன்றும் இல்லை. இடிதாங்கிப் பட்டையைத் தட்டினார், அதிலும் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே போய் எதையோ தட்டினார், காதில் கரகரவென்று மண்ணை அள்ளிக் கொட்டினாற்போல் ஒரு சத்தம். "அண்ணே, அது என்ன?" என்று கத்தினேன். "உங்க பழைய மீன்முள்ளு தம்பி" என்றார்.

ஆமாம், உன் யாகி ஆன்டெனாதான்! நீயும் ஆன்டெனா மாமாவும் காலேஜ் லீவில் ஏற்றினீர்களே, அதேதான். அலுமினியப் பூம் (நடுத்தண்டு), அதைப் பிடிக்க லேத் பட்டறையில் வளைத்த வெறும் இரும்பு யூ கிளாம்ப். துத்தநாகப் பூச்சுப் போடச் சொல்லி அன்றைக்கே நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? கேபிள் எப்போதோ அறுந்துவிட்டது, கிளாம்ப் மட்டும் பனியிலும் மழையிலும் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. இறக்கியபோது கையில் பட்டை பட்டையாக உதிர்ந்தது. நட்டு எது, போல்ட்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உன் பங்குக்கு ஒரு போல்ட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பூமை மாமா கொண்டுபோய்விட்டார்.

இப்போது இரண்டு செட்டும் முழுப் பவரில் ஒன்றாக ஓடுகின்றன. அடிவாரத்து ஹேண்டி கண்ணாடி மாதிரிக் கேட்கிறது. பெரியவர் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார், அந்தச் சண்டை தீர்ந்தது.

எனக்கு உள்ளூர ஒரு பயம் மட்டும் போகவில்லை. ஐப்பசி வந்தால் மழை, புயல் என்று ஆரம்பித்துவிடும். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது போர்ட் பிளேரில் ஹாம் பாரதி பிரசாத் ஒரு செட்டை வைத்துக்கொண்டு செய்தி அனுப்பியதைக் கேட்டுத்தானே நாம் இருவரும் ஹாம் பரீட்சை எழுதினோம்? அப்படி ஒரு நாள் இங்கே வந்து, சேற்றில் நிற்கிற ஒருவன் தீரப்போகிற பேட்டரியோடு கூப்பிடும்போது, ஒரு துருப்பிடித்த கிளாம்ப் அவன் குரலை விழுங்கிவிட்டால்? அந்த நினைப்பு வந்தால் தூக்கம் போய்விடுகிறது. டவரில் இன்னும் அநாதைச் சாமான்கள் நிற்கின்றன. கேபிள் இல்லாத ஒரு டிஷ், யாருடையது என்றே தெரியாத இரண்டு டைபோல் ஆன்டெனாக்கள். டவர்க்காரரிடம் பேசிவிட்டேன். சொந்தக்காரர் வராவிட்டால் மழைக்கு முன்னால் இறக்கிவிடலாம் என்கிறார். இனிமேல் புதிதாக யார் ஏறினாலும் முதலில் ஃபிரீக்வென்ஸியைத் தர வேண்டும், கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் கிளாம்ப் மாட்ட வேண்டும் என்பதற்கும் ஒத்துக்கொண்டார்.

இதற்குத்தான் நீ வேண்டும். எந்த உயரத்தில் எது இருக்கிறது, யார் வைத்தது என்று ஒரு நீல அட்டை நோட்டில் வரைந்து வைத்திருந்தாயே, அதைத் தேடு. உன் மாமனார் வீட்டுப் பரணில்தான் இருக்கும், தங்கச்சியிடம் கேள். பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், ஆனால் இந்த மாதத்துக்குள் வேண்டும். ஞாயிறு காலை நாற்பது மீட்டர் அலைவரிசையில் இருப்பேன், கூப்பிடு.

73 (வாழ்த்துகள்),
உன் பாலு