மயானபூமியில் ஒரு தகன மேடையை எரியவிட்டு மற்றதை மாற்றித் தர வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
பகுதிப் பொதுமக்கள் சார்பாக,
சாமியானா, ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுபவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை – 600 021.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
வடசென்னை.

பொருள்: மயானபூமியின் இரண்டு விறகு எரிவாயு தகன மேடைகளையும் எல்பிஜி மேடைகளாக மாற்றும் பணியை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும், மழைக்காலத்தைத் தவிர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி மயானபூமியில் உள்ள இரண்டு தகன மேடைகளையும் எடுத்துவிட்டு, எல்பிஜி வாயுவில் எரியும் புதிய மேடைகள் அமைக்கப்போவதாக அறிந்தோம். அளவெடுக்க ஆட்கள் வந்து போனார்கள். ரொம்ப காலமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த வேலை இது. முதலில் அதற்கு நன்றி. ஆனால் வேலை முடியும்வரை மயானபூமியை முழுதாகவே மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அது மட்டும் வேண்டாம், ஒரு மேடையை எரியவிட்டு மற்றதை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மனு.

நான் இந்தப் பகுதியில் சாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சில சமயம் சொந்தக்காரர்களுக்கு முன்பே எனக்குப் போன் வந்துவிடும். எடுக்கிற நேரத்தில் பெட்டியைத் திரும்ப வாங்கப் போவேன். ஆள் குறைவான வீடாக இருந்தால் தோள் கொடுத்து மயானம் வரை போய்விட்டுத்தான் வருவேன். அதனால் அங்கே எது எப்படி ஓடுகிறது என்று நன்றாகத் தெரியும்.

இப்போது இருப்பது விறகு எரிவாயு மேடை. சவுக்குக் கட்டைகளை ஒரு உருளைக்குள் போட்டு, காற்றைக் குறைவாக விட்டுக் கனலவைத்து, அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாய் வழியாக உலைக்குக் கொண்டுபோய் எரிக்கிறார்கள். கட்டை காய்ந்திருந்தால் நல்ல ஏற்பாடுதான். சிதை அடுக்கி எரிக்கும்போது ஆகிற விறகில் பாதிகூட ஆகாது. கட்டை ஈரமாக இருந்தால்தான் தொல்லை. வாயுவோடு தாரும் சேர்ந்து வந்து குழாயையும் பர்னரையும் அடைத்துக்கொள்ளும். உலை சூடேறாது, புகை மேலே போகாமல் கூடத்துக்குள் திரும்பும். அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருக்கும் என்பார்கள். அது வாசனையே இல்லாத விஷம். அடைப்பு எடுக்கக் குழாயைக் கழற்றும் பணியாளர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார். வேறு பாதுகாப்பு எதுவும் அவருக்குக் கிடையாது.

உலைக்குள் இருக்கும் தீச்செங்கல்லும் ஆயுள் முடிந்து உதிர்கிறது. சமீபத்தில் ஒரு அம்மாவை எரித்த மறுநாள், அஸ்தி வாங்கப் போன மகனோடு நானும் போயிருந்தேன். தட்டில் கொடுத்ததில் எலும்பு எது, செங்கல் எது என்று பிரிக்கத் தெரியாமல் அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். செங்கல் துண்டு விரலில் சிவப்பாக ஒட்டியது. பணியாளரே பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பெற்ற தாயின் எலும்பை யாரும் அப்படித் தேட வேண்டி வரக்கூடாது. இந்த மேடைகளை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இனி மூடும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மயானபூமி மூடினால் காசிமேடு, மூலக்கொத்தளம், ஓட்டேரி என்று போக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் தூரம் குறைவுதான். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் ஒரு அமரர் ஊர்தி எவ்வளவு மெதுவாக நகரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருக்களில் இன்னமும் பெரும்பாலான ஊர்வலங்கள் நடந்தே போகின்றன. மேளம், பூ, பட்டாசு, வயதானவர்கள், குழந்தைகள் என்று மயானம் வரை கூடவே வருவார்கள். வேறு மயானம் என்றால் வண்டியில் ஏறுகிற பத்துப் பேர்தான் போக முடியும்.

அப்புறம் காசு. மாநகராட்சி மயானபூமியில் தகனம் இலவசம். 155377க்கு அழைத்தால் அரசின் இலவச அமரர் ஊர்தியும் உண்டு. ஆனால் அந்த நேரத்துப் பதற்றத்தில் யாருக்கும் எண் நினைவுக்கு வராது. பக்கத்தில் நிற்கும் தரகர் கேட்ட பணத்தைக் கொடுத்துத் தனியார் வண்டி எடுப்பார்கள். போன இடத்தில் ஏற்கெனவே வரிசை இருந்தால் உடலை இன்னொரு இரவு வீட்டில் வைக்க வேண்டும். அந்த இரவுக்கும் சேர்த்து ஃப்ரீசர் பெட்டி வாடகை எனக்குத்தான் வரும். அப்படி வருகிற வாடகை எனக்கு வேண்டாம் ஐயா. பத்துக்குப் பத்து அறையில் பெட்டியை வைத்துவிட்டால் அந்தக் குடும்பம் சமைக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. கரண்ட் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஒரு மேடை ஒரு உடலுக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கும். சாம்பல் எடுத்துச் சுத்தம் செய்யும் நேரம் வேறு. எங்கள் சுமையும் பக்கத்து மயானங்களின் தலையில் விழுந்தால் அங்கே உள்ள உலைகள் ஆறுவதற்கு இடைவெளியே இருக்காது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது குஜராத்தின் சூரத் நகரில் வாயு உலைகள் ஓய்வில்லாமல் எரிந்து, உள்ளே இருந்த இரும்புச் சட்டங்கள் உருகியதாகச் செய்தி வந்ததைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த அளவுக்கு வராது, சரி. ஆனால் ஒன்றைப் பழுது பார்க்கப் போய் இரண்டு பழுதாகக் கூடாது.

எனவே, இருப்பதில் ஓரளவு நன்றாக இருக்கும் கிழக்கு மேடையை விட்டுவைத்து, மேற்கு மேடையை முதலில் கழற்றுங்கள். புதியது எரியத் தொடங்கி, கோளாறு இல்லாமல் சில வாரம் ஓடிய பிறகு மற்றதில் கை வையுங்கள். இரண்டுக்கும் ஒரே புகைபோக்கி என்பதால் முடியாது என்று ஒப்பந்ததாரர் சொல்லக்கூடும். புதிய புகைபோக்கியைப் பக்கத்திலுள்ள காலி இடத்தில் முதலில் நிறுத்திவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இடம் இருக்கிறதா என்று தங்கள் பொறியாளர் ஒருமுறை நேரில் வந்து பார்க்கட்டும். இதில் செலவு கொஞ்சம் கூடும், நாளும் இழுக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறோம். முழுதாக மூடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டம் வந்தால் அது ஓரிரு நாளோடு முடியட்டும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. நல்ல மழை அடித்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, ஓட்டேரி பக்கம் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை வீட்டில் தண்ணீர் நின்றது, எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதைத் தங்கள் அலுவலகப் பதிவேடுகளே சொல்லும். அப்படி ஒரு வாரத்தில் மயானபூமியும் பூட்டிக்கிடந்தால் உடலை வைத்துக்கொண்டு மக்கள் எங்கே போவார்கள்? செப்டம்பருக்குள் முடிக்க முடியாது என்றால் பொங்கலுக்குப் பிறகு தொடங்குங்கள். காத்திருக்கிறோம்.

புதிய மேடையைப் பற்றியும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் மயானபூமியில் மழைநீர்க் கால்வாய் கட்டிடத்தை ஒட்டியே போகிறது. சிலிண்டர் கொட்டகையை அதற்கு எட்டத்தில், காற்றோட்டமாக, வெள்ளம் ஏறாத உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். கசிவைக் காட்டும் கருவியைச் சுவரின் உச்சியில் மாட்டிவிட்டுப் போய்விடாமல் தரைக்குப் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள். உலைக்குள் காற்றை ஊதும் புளோவர் கரண்டில்தான் ஓடும், அதனால் ஜெனரேட்டர் இல்லாமல் எல்பிஜி உலையாலும் பயன் இல்லை. இப்போதைய மேடையில் பாதி எரியும்போது கரண்ட் போய், குடும்பத்தார் வெளியே உட்கார்ந்திருந்த மாலைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவர்களிடம் என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியாது.

புகைபோக்கி 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. புகையைத் தண்ணீரில் கழுவி அனுப்பும் தொட்டி பெயருக்கு இருந்தால் போதாது, தண்ணீர் மாற்றிப் பராமரிக்கப்பட வேண்டும். மணலி ஆலைகள், எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூர் குப்பைமேடு என்று எங்கள் பிள்ளைகளின் மூச்சில் ஏற்கெனவே நிறைய கலந்திருக்கிறது. மயானச் சுவரை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் கரி படிந்தால் அந்த வீட்டுப் பெண்கள் அதைத் திரும்பவும் துவைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலும் திருந்த வேண்டியது உண்டு. பிளாஸ்டிக் மாலை, ரப்பர் மெத்தை, பாட்டில் எல்லாவற்றையும் உடலோடு உள்ளே தள்ளச் சொல்லிப் பணியாளரிடம் சண்டை போடுகிறார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அதை எடுத்த பிறகுதான் உலைக்குள் வைக்க வேண்டும். சூட்டில் அந்த பேட்டரி வெடித்துப் புதிய செங்கல்லையே பிளந்துவிடும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் வாசலில் எழுதிப்போடுங்கள். ஃப்ரீசர் பெட்டி இறக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் நான் கேட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களிடமும் பேசிவிட்டேன்.

இப்போது வேலை செய்யும் மயானப் பணியாளர்களை மாற்றிவிடாதீர்கள். புதிய மேடையை இயக்க அவர்களுக்கே பயிற்சி கொடுங்கள். கையுறை, முகக்கவசம், சூடு தாங்கும் உடை கொடுங்கள். ஒரு மேடை மட்டும் ஓடும் நாட்களில் அவர்கள் சம்பளத்தில் பிடித்தம் வேண்டாம். நள்ளிரவில் செத்தவருக்கும் விடியற்காலையில் கதவைத் திறப்பவர்கள் இவர்கள்தான். பராமரிப்பு ஒப்பந்தத்தையும் மேடை வாங்கும்போதே சேர்த்துப் போடுங்கள். பர்னர் கெட்டால் வேறு ஊரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் நிலை திரும்ப வரக்கூடாது.

பணி தொடங்கும் நாளை முன்கூட்டியே தெரிவித்து, வாசலிலும் ரேஷன் கடைகளிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டுகிறோம். அதில் பக்கத்து மயானங்களின் பெயர், 155377, மாநகராட்சிப் புகார் எண் 1913, தகனத்துக்குப் பணம் தர வேண்டாம் என்ற வரி ஆகியவை இருக்கட்டும். வேறு மயானத்தில் எரித்தால் இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்ற குழப்பமும் வரும். இறப்பு நடந்த இடத்துக்குரிய அலுவலகத்தில் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இறந்தவரைக் கண்ணியமாக அடக்கம் செய்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் சேரும் என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் நண்பர் இதை மனுவில் எழுதச் சொன்னார். அந்த உரிமை எங்கள் தெருக்காரர்களுக்கு வேலை நடக்கும் மாதங்களிலும் கிடைக்க வேண்டும்.

தங்கள் பொறியாளர் இடம் பார்க்க வரும் நாளைச் சொன்னால், பணியாளர்களையும் மயானத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கே இருக்கிறோம். வேலை அட்டவணை முடிவானதும் அதன் நகல் ஒன்றை மயானபூமி வாசலில் ஒட்டித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிப் பொதுமக்கள் சார்பாக.

இடம்: கொருக்குப்பேட்டை
இணைப்பு: பொதுமக்கள் கையெழுத்துப் படிவங்கள், மேடைகளின் புகைப்படங்கள்