இரண்டு சுவிட்சுக்காகக் கிண்டி வரை அலையவிட்டது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஆறு லிவர் மைக்ரோ சுவிட்சுகளில் (மேலே உள்ள தகட்டை அமுக்கினால் வேலை செய்யும் குட்டி சுவிட்சுகள்) இரண்டு பழுது. இதைச் சொல்வது இது ஐந்தாவது தடவை. வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதுகிறேன்.

என் மகள் செய்யும் ரோபோ வண்டிக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. சுவரில் முட்டினால் சுவிட்ச் அமுங்கி வண்டி திரும்ப வேண்டும். சுவிட்சின் பொதுக் காலான காம் கிரவுண்டுக்கு, அமுக்கினால் மட்டும் காமோடு சேரும் என்.ஓ. கால் வண்டியை இயக்கும் ஆர்டுயினோ போர்டின் பின்னுக்கு, சுவிட்சை விட்டிருக்கும்போது பின்னை 1-இல் வைக்கும் உள் புல்-அப்பும் போட்டாயிற்று. விட்டால் 1, அமுக்கினால் 0 வர வேண்டும். முன்பக்கம் இரண்டில் எப்போதும் 0தான். சுவரே இல்லாத இடத்தில் முட்டிக்கொண்டதாக நினைத்து, வண்டி பின்னாலேயே ஊர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

"புரோகிராம் தப்பு" என்றார்கள் உங்கள் ஆட்கள். சரி என்று ஆர்டுயினோவையே கழற்றிவிட்டு மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் கத்தும் பஸ்ஸரில் வைத்துப் பார்த்தோம். காமுக்கும் என்.ஓ.வுக்கும் நடுவே அமுக்கினாலும் கத்துகிறது, விட்டாலும் கத்துகிறது. விட்டிருக்கும்போது காமோடு சேர்ந்திருக்க வேண்டிய என்.சி. காலில் சத்தமே இல்லை. கால்களின் பெயர் மட்டும் மாறியிருந்தால் ஒயரை மாற்றிக் கட்டியிருப்போமே!

செவ்வாய்க்கிழமை போனை எடுத்தவரை மறக்க முடியவில்லை. "என்.ஓ.ன்னா நம்பர் சார், அதுல ஒயர் குடுக்கக் கூடாது" என்றார். நார்மலி ஓப்பன் என்பது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குத் தெரிகிறது, விற்கிறவருக்குத் தெரியாதா? நான் விளக்கப்போனால், "முப்பது ரூபா பொருளுக்கு இவ்ளோ பேச்சா?" என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, நேரில் வரச் சொன்னீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டி வந்தால், "சால்டர் வெச்சிட்டீங்க, மாத்த முடியாது" என்றார்கள். சால்டர் வைக்காமல் ரப்பர் பேண்டு போட்டா கட்டுவது?

அரை நாள் சம்பளம் போயிற்று, பள்ளிக் கண்காட்சி போயிற்று, பிள்ளையின் எதிர்காலத்திலேயே விளையாடிவிட்டீர்கள். நஷ்டம் பத்தாயிரத்துக்குக் குறையாது.

தயவுசெய்து ஏழு நாளில் இரண்டு நல்ல சுவிட்சுகளைக் கூரியரில் அனுப்புங்கள். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது என்பதும் தெரியும். அந்த அளவுக்குக் கொண்டுபோக எனக்கும் விருப்பமில்லை.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை வாடிக்கையாளர்

பி.கு.: அனுப்பும் முன் மீட்டர் வைத்துப் பார்த்து அனுப்பவும். பார்ப்பவர் அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரராக இருக்க வேண்டாம்.