உவாகுட் டிவி அங்கே வருகிறதா?

அப்பா,

நலமா? என் அப்பாவின் பெயரை வைத்த மகன் நீ, உன்னை அப்பா என்றுதான் கூப்பிட வருகிறது. துருவத்தை ஒட்டிய நம் ஊர் இக்லூலிக்கில் சூரியன் போய்விட்டது, இனி ஜனவரி நடுவில்தான். உன் தம்பி உனக்கு வால்ரஸ் இறைச்சி அனுப்பச் சொல்கிறான். விமானத்தில் போடுவதற்கு ஆகும் கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

உவாகுட் டிவி அங்கே வருகிறதா? 2021 ஜனவரியில் ஆரம்பித்தபோதே சொன்னேன், நாள் முழுக்க நம் இனுக்டிடுட் மொழிதான் என்று. இணையத்திலும் பார்க்கலாமாம். இங்கே இணையம் பாதி நேரம் படுத்துக் கிடக்கும். ஒட்டாவாவில் உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நீ சின்ன வயதில் கண் கொட்டாமல் பார்த்த தகுகினாய் பொம்மை நிகழ்ச்சியை உன் மகளுக்கும் காட்டு. காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் போட்டு வைத்தால்கூடப் போதும். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றில்லை, காதில் விழட்டும்.

போன தடவை போனில் குழந்தை நன்றாகத்தான் பேசினாள். கெட்டிக்காரி, சட்சட்டென்று பதில் சொன்னாள். எனக்குத்தான் பாதி புரியவில்லை. அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

என் அப்பாவின் பெயரோடு வந்தவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழாது. உனக்கு அது வசதியாகப் போயிற்று. அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன். 1975-இல் ஊருக்கு டிவி வேண்டுமா என்று ஓட்டெடுத்தார்கள். எனக்கு ஆசையான ஆசை. அவர் கூட்டத்தில் எழுந்து, "நம் பேச்சில் ஒரு வார்த்தை வராத பெட்டிக்கு வீட்டில் என்ன வேலை?" என்றார். ஊர் வேண்டாம் என்றது. 1979-இலும் வேண்டாம் என்றது. அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் டிவி ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் இருட்டு மாதங்களில் வீடு வீடாகப் போய்க் கதை கேட்டோம். நம் ஆட்களே நிகழ்ச்சி செய்யும் இனுவிட் ஒளிபரப்புக் கழகம் வந்த பிறகுதான், 1983-இல், சரி என்றோம்.

நம் ஊர் சக்கரியாஸ் குனுக் 1981-இல் தான் செதுக்கிய கல் சிற்பங்களை மான்ட்ரியாலில் விற்றுக் கேமரா வாங்கி வந்தார். வேட்டைக்குப் போய் வந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவதைப் படம் பிடிக்க ஆசைப்பட்டாராம். இதெல்லாம் உனக்குத் தெரியும். அவருடைய படக் கம்பெனி இஸுமாவில் மைக் கம்பைத் தூக்கிக்கொண்டு மீசை முளைக்காத வயதில் திரிந்தவன்தானே நீ. கை நடுங்காமல் பிடிப்பாய் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் முகத்தில் காட்டிக்கொண்டதில்லை, ஆனால் அன்றைக்கெல்லாம் தூக்கம் வராது எனக்கு.

இஸுமா எடுத்த 'அடனார்ஜுவாட்' படத்தின் கதையை, அதை எழுதிய பால் அபாக் எட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தாரே, என் அப்பா இருந்திருந்தால் ஒன்பதாவதாகத் தானே போய் உட்கார்ந்திருப்பார். 2001-இல் கேன்ஸில் பரிசு வாங்கியதை ஊரெல்லாம் பேசியது. எனக்கு நினைவில் நிற்பது உடைகள்தான். ஆகஸ்டு முடிவில் வேட்டையாடிய கரிபூ மான் தோலாக இருக்க வேண்டும், மயிர் அளவாக இருக்கும். சீல் தோல் காலணிக்கு ஊசி தோலை முழுதாகத் துளைக்கக் கூடாது, பாதிக் கனத்திலேயே திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும். உன் அத்தைக்கு அதுவரை இது வராது. படத்துக்காகத்தான் தைக்க உட்கார்ந்தாள், எழுந்தபோது தையல்காரி. கேமரா கேட்டிராவிட்டால் அவள் விரல் அதைப் படித்திருக்காது.

சரி, குழந்தை விஷயம். விரல்களில் கயிற்றைக் கோத்து உருவம் காட்டும் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாயா? சூரியன் திரும்புவதற்குள் ஆடிவிட வேண்டும், அப்புறம் கயிற்றைத் தொடக் கூடாது. முதல் வெயில் வரும் நாளில் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்க வேண்டும், மறுபக்கம் குளிரில் இருக்கட்டும். ஒட்டாவாவில் சூரியன் போவதே இல்லை, எந்த நாளில் சிரிப்பது என்று கேட்பாள். கேட்டால் என்னைப் போனில் கூப்பிடச் சொல். நான் மெதுவாகப் பேசுவேன். அவளும் மெதுவாகப் பேசினால் போதும், எந்த மொழியில் ஆனாலும் சரி.

எந்த மொழியில் ஆனாலும் சரி என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். ஆனால் டிவியைப் போடு.

அவள் கையை ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு, கட்டைவிரல் தனியாகத் தெரியும்படி. கையுறைக்குத் தோல் பதமாக வைத்திருக்கிறேன். வளர்கிற கை என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுகிறேன். கடிதம் எழுத நேரமில்லை என்றால் தாள் மட்டும் போதும். டிவி வருகிறதா இல்லையா என்று அதன் ஓரத்தில் எழுது.

அம்மா